ஒரு நாள் ஊரார்

2021 அக்டோபரில் ஒரு மழை நாள் இரவு, திருப்பதி வெஸ்ட் சர்ச் அருகே ரயில் பாதைக்குக் கீழே செல்லும் சாலையில் ஒரு வாகனம் தண்ணீரில் மூழ்கியது. வந்தது கர்நாடகத்துக் குடும்பம், சுவாமி தரிசனத்துக்காகப் புறப்பட்டவர்கள். மற்றவர்களை மீட்டுவிட்டார்கள். அண்மையில்தான் திருமணமாகியிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மழை வலுத்தால் ரயில் பாலத்தடியில் தண்ணீர் நிற்கும் என்பது உள்ளூரில் ஆட்டோ ஓட்டுபவர்களுக்குப் பாலபாடம். தண்ணீரின் ஆழம் தெரியாமல் இறங்கியது வெளியூர் வண்டி.

பேரிடருக்கு ஆயத்தமாவது பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஒரு ஊரையும் அதன் மக்களையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. மேடான இடம் எது, பள்ளிக்கூடம் எங்கே, யாரிடம் படகு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பயிற்சி கொடுத்தால் போதும் என்பது அவற்றின் கணக்கு. திருப்பதியில் அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். 2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தொடவில்லை. திருமலையில் தரிசனம் செய்வோரோ நாளொன்றுக்கு அறுபது, எழுபதாயிரம் பேர். விசேஷ நாட்களில் அதற்கும் மேல். இன்று வந்தவர் நாளை இல்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் நிலைமை நேர்மாறு: ஏரிக்கரையை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழும் கிராமங்கள். பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. ஆனால் நிலமறிந்தவர்கள், ஒரு நாள் தங்கிப் போகிறவர்கள் என்ற இந்தப் பிரிவு எந்த வரைபடத்திலும் இல்லை. இந்த வட்டாரத்தின் அண்மைக்கால விபத்துகளில் பல அந்தப் பிளவில்தான் நிகழ்ந்திருக்கின்றன.

2021 நவம்பரில் வந்தது பெரிய சோதனை. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாளே சேஷாசலம் மலையில் வானம் பொத்துக்கொண்டது. திருமலைக்குச் செல்லும் இரண்டு மலைச்சாலைகளும் படிப்பாதைகளும் மூடப்பட்டன. ஸ்ரீவாரி மெட்டுப் பாதையை வெள்ளம் சிதைத்துவிட, அது மறுபடி திறக்கப்பட 2022 மே வரை ஆனது. சுவர்ணமுகி கரை புரண்டது. திருச்சானூரில் ஆற்றோரத்து வீடு ஒன்று அப்படியே சரிந்து நீரில் விழுந்த காட்சி நாடெங்கும் கைப்பேசிகளில் ஓடியது. சித்தூர் நகரில் நீவா ஆறு தெருக்களுக்குள் புகுந்தது. அதே மழைக்கு எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கம் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவே, 21ஆம் தேதி, திருப்பதியை அடுத்த ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டது. விஜயநகர காலத்தது என்று சொல்லப்படும் பெரிய ஏரி அது. கொள்ளளவை மீறித் தண்ணீர் நின்றது. கரை போனால் கீழேயுள்ள கிராமங்கள் மிஞ்சாது. தண்டோரா போட்டும் ஒலிபெருக்கி வைத்தும் மக்களை வெளியேற்றினார்கள். ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு சிலர் மேட்டுக்குப் போனார்கள்; வீட்டை விட மனமில்லாதவர்களை அதிகாரிகள் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது. பொறியாளர்கள் மணல் மூட்டையும் கிராவலும் கொட்டிக் கரையைத் தாங்கிப் பிடித்தார்கள்; நீரைப் பக்குவமாக வெளியேற்றினார்கள். கரை நின்றது. நடக்காத பேரிடருக்குச் செய்தித்தாளில் இடம் குறைவு. ஆனால் ஆய்வுக்கு உரியது இதுவே.

மண்கரை எப்படி உடைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். தண்ணீர் கரைக்கு மேலே வழிந்து அரிப்பது ஒரு வகை. உள்ளே எலி வளை, பழைய வேர், மதகுக் கட்டடத்தை ஒட்டிய இடுக்கு என ஏதாவது வழி கண்டு, மண்ணைத் துகள் துகளாக இழுத்துக்கொண்டு குழாய்போல் துளைப்பது இன்னொரு வகை. இரண்டாவதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. கரையின் வெளிப்புற அடியில் ஊறிவரும் நீர் தெளிந்து இருந்தால் காத்திருக்கலாம். கலங்கி வந்தால் கரையின் உடம்பே வெளியே வருகிறது என்று பொருள். அந்த வாயை மண்ணால் அடைத்துவிடவும் கூடாது. அடைத்தால் நீர் வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் எனப் படிப்படியாக இட்டால் நீர் வடியும், மண் தங்கும். நீர்க்கட்டி, மடைக்காரர் என்று ஊருக்கொரு பேரில் இருந்த ஏரி காவலர்களுக்கு இந்தப் பக்குவம் கைவந்தது. அந்த வேலையே வழக்கொழிந்துவிட்ட ஊர்களில், கசிவை முதலில் பார்ப்பவர் ஆடு மேய்க்கிறவராகத்தான் இருப்பார். அவருக்கு யாரிடம் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் கேட்கிறவர் இருக்க வேண்டும்.

இந்த அறிவு இந்த மண்ணில் எழுத்திலும் இருக்கிறது. அண்டையிலுள்ள கடப்பா மாவட்டத்துப் போருமாமில்லாவில் 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் ஏரி வெட்டிய வரலாறு அதில் உள்ளது. ஆயிரம் ஆட்கள், நூறு வண்டிகள், இரண்டு ஆண்டு உழைப்பு என்று கணக்குச் சொல்வதோடு, நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அங்கங்களையும் ஏரிக்கு ஆகாத ஆறு குற்றங்களையும் அது பட்டியலிடுகிறது. கரையில் கசிவு ஒரு குற்றம். இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைவது மற்றொரு குற்றம். முதலாவது பொறியியல், அடுத்தது அரசியல். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தவர்களின் அனுபவம் எளிதானதாக இருந்திருக்காது.

ஆங்கிலேயர் காலத்தில் கரை காக்கும் கடமை சட்டமாகவே வந்தது. ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க வகை செய்தது சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம். சித்தூர் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911இல்தான் தனி மாவட்டமானது. ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து வழக்கத்தின் மீது இப்படிச் சட்டத்தின் கை விழுந்ததைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. ஆனால் வயல் ஒருவருடையது, கரையில் கூடை சுமந்து நிற்பது இன்னொருவர் என்ற ஏற்பாடு அது என்பதையும் மறக்க வேண்டாம். ஊர் கூடிக் காத்தது என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், யார் தூங்கினார்கள், யார் விழித்திருந்தார்கள் என்பது மறைந்துபோகும்.

ராயலசெருவுக்கு நேரெதிரான முடிவு, இரண்டு நாள் முன்பாக, வடக்கே ராஜம்பேட்டைப் பகுதியில் நடந்திருந்தது. செய்யேறு ஆற்றின் மேல் பகுதியிலுள்ள பிஞ்சா அணையின் கரை உடைந்து, திரண்டு வந்த வெள்ளம் 19ஆம் தேதி விடியற்காலையில் அன்னமய்யா அணையின் மண்கரையை அடித்துக்கொண்டு போனது. அணை வெளியேற்றக்கூடியது நொடிக்குச் சுமார் 2.2 லட்சம் கன அடி. வந்தது 3 லட்சத்துக்கும் மேல் என்றது மாநில அரசு. ஐந்து மதகுகளில் ஒன்று இயங்கவில்லை என்று அன்றைய மத்திய ஜல்சக்தி அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் மாநிலங்களவையில் சொன்னார். மாநில அமைச்சர்கள் அதை மறுத்தார்கள். கரை உடைந்த நாள் கார்த்திகைப் பௌர்ணமி. ஆற்றங்கரைச் சிவன் கோயிலுக்கு விளக்கேற்ற வந்தவர்களையும், சாலையில் போய்க்கொண்டிருந்த அரசுப் பேருந்துகளையும் வெள்ளம் பிடித்தது. புலபத்தூர், மந்தபல்லி, தொகூருபேட்டை எனக் கிராமங்கள் சிதைந்தன. பல பத்துப் பேர் இறந்தார்கள்.

மதகு பற்றிய சர்ச்சை தீராது. அதைவிட முக்கியமான கேள்வி, மேலே ஒரு கரை உடைந்த செய்தி கீழே உள்ள கடைசி வீட்டுக்கு எத்தனை மணி நேரத்தில், யார் வாயிலாகப் போனது என்பது. ராயலசெருவில் பகல் இருந்தது, கசிவு கண்ணுக்குத் தெரிந்தது, இரண்டு நாள் முந்தைய அழிவு எல்லார் மனத்திலும் பச்சையாக இருந்தது. அன்னமய்யாவில் இந்த மூன்றும் இல்லை.

தொடர் ஏரிகளாலும் அணைகளாலும் ஆன நிலத்தில் ஒன்றின் உடைப்பு அடுத்ததன் உடைப்பு. வாணியம்பாடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்துக் கோலார் பகுதியில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து, பாலாறு குப்பம் வழியாகப் பாய்ந்து, இரவோடு இரவாக வாணியம்பாடியை மூழ்கடித்தது. இறந்தவர்கள் நினைவாக ஊரில் கல்தூண் இருக்கிறது. உடைந்தது ஓர் அரசின் ஏரி. செத்தது வேறோர் அரசின் குடிகள். போருமாமில்லாக் கல்வெட்டு எச்சரித்த எல்லைக் குற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

இன்றும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தண்ணீரில் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்குள்தான் இறங்குகிறது. நீவா பொன்னையாறாகிப் பாலாற்றில் சேர்கிறது. கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்கும். கொசஸ்தலையாற்றில் வெள்ளம் பூண்டி வழியாக எண்ணூர் வரை போகும். பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைத் திறந்தால் ஆரணியாற்றில் ஊத்துக்கோட்டை துண்டிக்கப்படும். 2020இல் நிவர் புயலின்போதும் 2021 நவம்பரிலும் இதே கதை. எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு என்ற தகவல் மாவட்ட ஆட்சியரிடமிருந்து ஆட்சியருக்குப் போகிறது. அங்கிருந்து வருவாய்த் துறை, காவல் துறை, கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்குகிறது. பள்ளிப்பட்டு விவசாயிக்கு 'கன அடி' ஒரு எண் மட்டுமே. அவருக்கு வேண்டியது, தன் ஊர்த் தரைப்பாலத்தில் தண்ணீர் எப்போது ஏறும் என்பது. அணையிலிருந்து ஒவ்வொரு பாலத்துக்கும் வெள்ளம் வந்துசேரும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, பாலத்திலேயே எழுதி வைப்பது பெரிய செலவுள்ள காரியமல்ல.

பக்கத்து மாநிலத்தை நம்பியிருப்பது தண்ணீரில் மட்டுமில்லை. 2021 மே 10 அன்று இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து கொரோனா நோயாளிகள் 11 பேர் இறந்ததாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. வர வேண்டிய டேங்கர் லாரி தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டது, வந்துசேரத் தாமதமானது. தடைப்பட்டது சில நிமிடங்கள்தான் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நிமிடம் என்பது ஒரு ஆயுள். கையிருப்பு எத்தனை மணி நேரத்துக்கு வரும், எந்த அளவுக்குக் கீழே போனால் மணி அடிக்க வேண்டும் என்ற கணக்கு ஏரிக்கும் ஆக்சிஜன் தொட்டிக்கும் ஒன்றுதான்.

இனி, ஒரு நாள் ஊராரிடம் வருவோம்.

2025 ஜனவரி 8. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய சொர்க்கவாசல் தரிசனத்துக்கு முதல் மூன்று நாட்களுக்கான 1.2 லட்சம் டோக்கன்களை மறுநாள் காலை ஐந்து மணி முதல் திருப்பதியில் பல மையங்களில் கொடுப்பதாக அறிவிப்பு. அன்று பகலிலிருந்தே கூட்டம் சேர்ந்துவிட்டது. பைராகிப்பட்டெடா மையத்துக்கு வந்தவர்களை அருகிலிருந்த பூங்காவில் அமர்த்தி வைத்திருந்தார்கள். இரவு, உடல்நலம் குன்றிய ஒரு பெண்ணை வெளியே அழைத்துவரக் கதவைத் திறந்ததாகவும், டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்துப் பின்னாலிருந்தவர்கள் முண்டியடித்ததாகவும் அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. ஆறு பேர் இறந்தார்கள். சேலத்திலிருந்து வந்தவரும் அவர்களில் ஒருவர். சுமார் நாற்பது பேர் காயமடைந்தார்கள். முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு மறுநாள் வந்தார். இடைநீக்கம், இடமாற்றம், நீதி விசாரணை எல்லாம் அறிவிக்கப்பட்டன.

கூட்ட நெரிசல் குறித்து அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ருயின் 1990களில் எழுதியது இன்றும் அடிப்படைப் பாடம். சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற அளவில் நெருங்கிவிட்டால் மனிதர்கள் தனித்தனியாக நகர முடியாது. கூட்டமே ஒரு திரவம்போல அலையடிக்கும். அதில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபடுவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. தப்பி ஓடும் கூட்டத்தையும் எதையோ அடையப் பாயும் கூட்டத்தையும் ஃப்ருயின் பிரித்துப் பார்த்தார். டோக்கன் வரிசை இரண்டாம் வகை. அங்கே பின்வரிசைக்கு முன்வரிசையின் நிலை தெரியாது. விசை, தகவல், இடம், நேரம் என்று அவர் வகுத்த நான்கு காரணிகளில் இங்கே தகவல்தான் முதலில் இற்றது. கதவு ஏன் திறக்கிறது என்று பத்து வினாடி முன்னால் ஒலிபெருக்கியில் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி எழாமல் போகாது. காணாமல் போன குழந்தைக்காகத் திருமலையில் நாள் முழுக்கப் பல மொழிகளில் அறிவிப்புச் செய்யும் ஏற்பாடு பல காலமாக நடக்கிறது. அந்தத் திறமை மலையடிவாரத்துக்கு இறங்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கரூரில் அரசியல் கூட்டத்தில் 41 பேர் மாண்டபோதும், நெருக்கத்தில் முன்னால் நடப்பது பின்னால் தெரியாத அதே நிலை.

நெரிசல் என்றதும் மக்களுக்கு ஒழுக்கமில்லை என்று சொல்லிவிடுவது எளிது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கூட்டத்தைக் கையாள்வது பற்றி 2014இல் வெளியிட்ட வழிகாட்டி அப்படிச் சொல்லவில்லை. இடத்தின் கொள்ளளவு, உள்வரும் வேகம், வெளியேறும் வழி ஆகியவற்றையே அது பேசுகிறது. ஏரிக்கு உபரிநீர் போகக் கலிங்கல் வைக்காமல் கட்டிவிட்டுத் தண்ணீரைக் குறை சொல்ல முடியுமா?

யாத்திரிகர்களை எச்சரிப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அரசு இப்போது பெரிதும் நம்புவது கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கைச் செய்தியை. ஆனால் தரிசன வரிசையில் நுழையும் முன் கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும். வரிசை வளாகத்தில் பல மணி நேரம் காத்திருப்பவர்களை எட்ட, பழைய ஒலிபெருக்கியும் சீருடை அணிந்த ஆளும்தான் வழி. குடும்பமாக வருகிறவர்கள் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதும், ஒரு கைப்பேசி எண்ணைத் தாளில் எழுதி முதியவர், குழந்தை ஆகியோரின் சட்டைப்பையில் வைப்பதும் இங்கே அற்பக் காரியங்கள் இல்லை. நெருக்கத்தில் சிக்கினால் இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் விடுவது, விசைக்கு எதிராகத் தள்ளாமல் ஓரமாக விலகுவது, கீழே விழுந்த பையை எடுக்கக் குனியாமல் இருப்பது ஆகியவை உலகெங்கும் சொல்லித் தரப்படுகின்றன. திருப்பதிக்கு வரும் பேருந்துகளில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்கள் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ஒன்றே என்பது வெளியூராருக்கு ஒரு சிறு வசதி.

கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் கற்றுக்கொள்வதில்லை என்று சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் படிப்பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகு, பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடன் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஏறத் தடை வந்தது. மற்றவர்களைக் கூட்டமாக அனுப்பினார்கள். நடந்து வருவோர் கையில் தடி கொடுத்தார்கள். தடி கொடுத்ததைச் சமூக ஊடகத்தில் கேலி செய்யாதவர்கள் குறைவு. சிறுத்தையை அது விரட்டுமோ என்னவோ, காட்டுக்குள் நடக்கிறோம் என்ற நினைப்பை ஒவ்வொருவர் கையிலும் வைத்தது. 2021 டிசம்பர் 1 அன்று மேலேறும் மலைச்சாலையில் பாறைகள் உருண்டு விழுந்தபோது அந்தச் சாலையை உடனே மூடி, ஐஐடி வல்லுநர்களை வரவழைத்துச் சரிவுகளைப் பார்க்கச் சொன்னார்கள்.

உதவிக்கு ஆள் வருவதிலும் எல்லை குறுக்கிடுகிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையில் ஆந்திராவுக்கான 10ஆம் அணி விஜயவாடா அருகே கொண்டபாவுலூரில் இருக்கிறது. 4ஆம் அணியின் தலைமையிடமான அரக்கோணம் திருப்பதிக்கு அதைவிட மிகப் பக்கம். ஆனால் எந்தப் படையும் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதுவரை இருப்பவர் அக்கம்பக்கத்தவர் மட்டுமே. இதற்காகத்தான் 'ஆப்த மித்ரா' என்ற பெயரில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் மத்தியத் திட்டம் 2016இல் தொடங்கியது. திருப்பதியில் அந்தப் பயிற்சி யாருக்கு முதலில் போக வேண்டும் என்று கேட்டால், தேவஸ்தானப் பேருந்து ஓட்டுநர், விடுதி வரவேற்பாளர், மொட்டையடிக்கும் நாவிதர், ரயில் நிலையத்து ஆட்டோக்காரர் என்று ஒரு வரிசை சொல்லலாம். வந்தவர்களை முதலில் சந்திப்பவர்கள் இவர்கள். தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவர்களும் இவர்களே.

நெரிசலுக்கு அடுத்த வைகுண்ட ஏகாதசியில், முதல் மூன்று நாட்களுக்கான டோக்கன்களைத் தேவஸ்தானம் இணையவழிக் குலுக்கலுக்கு மாற்றியது. மீதி நாட்களுக்கு நேரடி வரிசை தொடர்ந்தது. தெருவில் திரளும் கூட்டம் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது நல்ல மாற்றம்தான். ஆனால் குலுக்கலில் பேர் விழாவிட்டாலும் புறப்பட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. ஸ்மார்ட்ஃபோன் இல்லாமல், மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டு மாலை போட்டு நடந்தே வருகிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மட்டும் ஏராளம். நகரி, புத்தூர் வழியாக அவர்கள் நடக்கும் சாலையோரத்தில் அன்னதானப் பந்தல்கள் இருக்கின்றன. எத்தனை பேர் இன்று கடந்தார்கள் என்ற கணக்கை அந்தப் பந்தல்காரர்கள் தோராயமாகச் சொல்லிவிடுவார்கள். அதை மாலைக்குள் திருப்பதிக் கட்டுப்பாட்டு அறைக்குச் சேர்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.